முக்கோணங்கள் பார்க்கும் திசை

ஆய்வக உலையில் கந்தக ஆவி ஓடும்போது, உள்ளே வைத்த சிலிக்கான் சில்லின் மேல் மூன்றே அணு தடிமனில் படிகங்கள் முக்கோணம் முக்கோணமாக முளைக்கும். ஆனால் பிரிசில்லா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் மட்டுமே முளைத்தன. முனைகள் எல்லாம் அந்த நாற்காலியின் பக்கமே நீட்டிக்கொண்டிருக்கும்.

"நீ இல்லாமலும் வரணும்மா. அப்பதான் அது செய்முறை. அப்பதான் பட்டம்," என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆராய்ச்சியில் ஆறு வருடம் ஓடிவிட்டது. பெங்களூரில் கிடைத்த வேலையும் இனிக் காத்திருக்காது.

அன்று காலை உலையைத் தோழி உமையாளிடம் விட்டுவிட்டு, பிரிசில்லா எதிர்ச்சாரியில் இருந்த பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். மதியம் போன் வந்தது.

"வந்துருச்சுடி! சில்லு பூரா முக்கோணம். பிரியாணி எப்போ?"

பிரிசில்லாவுக்குக் கண் கலங்கியது. "முனை எந்தப் பக்கம் இருக்கு?"

"ஜன்னல் பக்கம்."

நிறுத்தத்திலிருந்து பார்த்தால் அந்த ஜன்னல் நேரே தெரிந்தது. அவள் சட்டென்று போனை வைத்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறினாள். பஸ் இடப்பக்கம் திரும்பிச் சற்று தூரம் போனதும் மறுபடியும் உமையாள் அழைத்தாள். குரல் இறங்கியிருந்தது.

"பிரிசி, சில்லு மைக்ராஸ்கோப்புக்குக் கீழதான் இருக்கு. நான் தொடவே இல்ல. முனையெல்லாம் மெதுவா திரும்புதுடி. நீ எங்க போற?"

சிக்னலில் பஸ் நின்றது.

"இப்ப நின்னுருச்சு," என்றாள் உமையாள்.

பிரிசில்லா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, விளக்கு பச்சையாவதற்காகக் காத்திருந்தாள்.