குப்பைமேட்டு மண்

மண் பரிசோதனைக்கு வயலில் ஐந்து இடத்தில் அள்ளிக் கலந்து ஒரு பை கொண்டுவர வேளாண் அலுவலகத்தில் சொன்னார்கள். பொங்கியாத்தாள் அள்ளியதோ, தொழுவத்துக்குப் பின்னால் எருக் கொட்டும் குப்பைமேட்டில். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் மகளைப் பழைய சேலையிலா நிறுத்துவார்கள் என்பது அவள் நியாயம். அறிக்கை வந்தது: வளமான மண், மஞ்சள் போடலாம், எரு வேண்டியதில்லை. புருஷன் அர்த்தநாரி அதைத் தெருவெல்லாம் வாசித்துக் காட்டிவிட்டு, சோளத்துக்கே மூச்சு வாங்கும் இரண்டு ஏக்கரிலும் மஞ்சளை நட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியம் அவர் கண்ணயர்ந்ததும் குப்பைமேட்டை வெட்டிக் கூடை கூடையாக வயலுக்குச் சுமந்தாள். யாராவது கேட்டால், மாட்டுக்குத் தண்ணீர் என்றாள். தண்ணீர் கூடையில் போவதைத் தெரு அன்றுதான் பார்த்தது.

மஞ்சள் மூன்றாம் இலை விட்டபோது மேடு குழியாகியிருந்தது. அர்த்தநாரி அதன் விளிம்பில் வந்து நின்றார்.

"ஏம் புள்ள, இந்தக் குழியை யாரு பறிச்சது?"

"பெருச்சாளிங்க."

அவர் குழியைப் பார்த்தார். அவள் தலையில் அவிழ்க்க மறந்த சும்மாட்டையும் பார்த்தார்.

"கிழக்கு மூலையில இலை வெளுக்குது. அந்தப் பெருச்சாளிகிட்டச் சொல்லி அங்கயும் ரெண்டு கூடை கொட்டச் சொல்லு" என்றவர், வழக்கம்போலக் கண்ணயரப் போனார்.