எடைக்குப் போன இருநூறு பிரதி

வேதமுத்து வாத்தியாரின் புத்தகத்தை அமிர்தராஜ் எடைக்குப் போட்டுவிட்டார். ஒன்றிரண்டல்ல, இருநூறு பிரதி.

திருச்சுழி வேதாகமத் தாவர ஆராய்ச்சிச் சங்கத்துக்கு வாத்தியார் தலைவர், அமிர்தராஜ் பொருளாளர். வேறு அங்கத்தினர் கிடையாது. வேதத்தில் வரும் மரஞ்செடிகளில் எவையெவை நம் கரிசல் காட்டில் முளைக்கின்றன என்று பதினோரு வருஷம் அலைந்து வாத்தியார் எழுதிய புத்தகம். மதுரை அச்சாபீஸில் கடனுக்கு அடித்தார்கள். விற்றது ஒன்பது.

வக்கீல் நோட்டீஸ் வரும் என்று அச்சாபீஸ்காரர் கடிதம் போட்ட வாரம்தான், பந்தல்குடி பலகாரக்கடை வீரபத்திரன் அமிர்தராஜைத் தேடி வந்து, பொட்டலம் கட்டத் தாள் இருக்கிறதா என்று கேட்டார். யுத்த காலம், தாள் எடைக்கே நல்ல விலை. பாக்கிக் கடன் அடைந்தது.

வாத்தியாரிடம், "பூராம் வித்துப்போச்சுய்யா" என்று சொல்லிவிட்டார் அமிர்தராஜ். யார் வாங்கியது என்று அவர் கேட்காதது பெரிய நிம்மதி.

இன்று பந்தல்குடிப் பக்கம் ஒரு முட்செடியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸு வரக் காணோம். வாத்தியார் நேரே வீரபத்திரன் கடைக்கு நடந்தார். எண்ணெய் சரியில்லை, வயிற்றுக்கு ஆகாது என்று அமிர்தராஜ் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை.

சேவு வந்தது, முப்பத்தோராம் பக்கத்தில், இலந்தை முள் படத்தோடு.

வாத்தியார் ஒரு வாய் போட்டுக்கொண்டு, படத்தில் எண்ணெய் படாமல் சேவை ஒதுக்கினார்.

அமிர்தராஜுக்குத் தாங்கவில்லை. "ஐயா, மன்னிச்சிருங்க. எடைக்குத்தான் போட்டேன்."

வீரபத்திரன் தராசைத் துடைத்தபடி சிரித்தார். "அவுகளுக்கா தெரியாது? உம்மகிட்ட போய்த் தாள் கேளுன்னு என்னைய அனுப்புனதே அவுகதான. ராத்தலுக்கு ஓரணா கூட்டிக் குடுன்னு வேற சொன்னாக."

அமிர்தராஜ் வாத்தியாரைப் பார்த்தார். "பதினோரு வருஷப் பாடாச்சேய்யா..."

வாத்தியார் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஈஸ்டர் ஆராதனைக்கு உம் பொஞ்சாதி ஞானப்பூ காதுல ஈர்க்குச்சியோட வந்தா, அமிர்தம். அச்சாபீஸ் வட்டிக்குக் கம்மல அடகு வச்சிட்டு, எங்கிட்ட மூச்சுவிடல நீ. இன்னைக்குக் காலைல வாசல்ல நின்னா, மீட்டுன கம்மலோட. புத்தகம் நல்ல விலைக்குத்தான்யா போயிருக்கு."