ஜீரோவில் ஒரு புள்ளி

லவினா மிஸ் கரும்பலகையில் மணி மாதிரி ஒரு கோட்டை வளைத்து, அதன் அடியில் டெஸ்ட் மார்க்குகளைப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனார்.

பி.காம் இரண்டாம் ஆண்டு மொத்தமும் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தது.

நியாயமாகப் பார்த்தால் அத்தனை புள்ளியும் ஜீரோவில் விழுந்திருக்க வேண்டும்.

பேச்சு அப்படித்தான். போன வாரம் ராபர்ட்சன்பேட்டை பேக்கரியில் வைத்து டக்ளஸ் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தான். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் பெயரைத் தவிர ஓர் எழுத்து எழுதக் கூடாது.

“எல்லாரும் ஜீரோ வாங்கினா ஜீரோதான்பா ஆவரேஜ். ஆவரேஜ்ல நிக்கிறவன இன்னான்னு ஃபெயில் பண்ணுவாங்க?”

டக்ளஸின் தாத்தா தங்கச் சுரங்கத்தில் யூனியன் தலைவர். அவர் ஸ்டிரைக் என்றால் கேஜ் கூண்டில் ஏறி ஷாஃப்டுக்குள் இறங்க ஓர் ஆள் வரமாட்டான். அந்த ரத்தம் சும்மா போகுமா என்று வகுப்பே நம்பியது. இந்த ஊரில் ஸ்டிரைக்கை உடைத்த கருங்காலி என்று பேர் வாங்கினால் அது பேரன் கல்யாணப் பந்தி வரைக்கும் கூடவே வரும்.

டெஸ்ட் அன்று ஒருத்தரும் தலை நிமிரவில்லை. டக்ளஸ் கடைசி பெஞ்சில் இருந்தான்.

இப்போது பலகையில் புள்ளிகள் பதினெட்டைச் சுற்றிக் கும்பலாக நின்றன. இருபத்தைந்துக்குப் பதினெட்டு ஆவரேஜ். ஸ்டாண்டர்டு டீவியேஷன் நான்கு. புத்தகத்தில் போட்ட படம்கூட இவ்வளவு லட்சணமாக இருக்காது.

எரிக் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். இந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். தான் ஒருத்திதான் துரோகி என்று நினைத்திருந்தாள், பாவம்.

டக்ளஸ் முன்னால் இருந்தவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

மிஸ் இடது பக்கமாக நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். கோடு தரையோடு தரையாகப் போன பிறகும் தாண்டிப் போய், ஜீரோவில் ஒற்றைப் புள்ளி வைத்தார்.

“நார்மல் மாடல்படி இந்த இடத்துல லட்சத்துல ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க. நம்ம கிளாஸ்ல இருக்காரு. இல்லையா, டக்ளஸ்?”

வகுப்பே திரும்பியது.

முதலில் எரிக்தான் எழுந்து கை தட்டினான். அப்புறம் பெஞ்சு பெஞ்சாக எழுந்தது. இதுகளுக்கு என்ன ஆயிற்று என்று மிஸ் சாக்பீசும் கையுமாக விழித்தார்.

ஒரு வருஷமாக டக்ளஸ் பெங்களூரு ரயிலில் இடம் பிடித்துக் கொடுத்தும் ஏறெடுத்துப் பார்க்காத வாணி, கண் கலங்க அவனைப் பார்த்தாள்.

டக்ளஸுக்கு நெஞ்சு விம்மியது. மெல்ல எழுந்து, நாலு பக்கமும் திரும்பிக் கை கூப்பினான்.

பேப்பர் கட்டை வாணியிடம் கொடுத்துப் பட்டுவாடா செய்யச் சொன்னார் மிஸ். வாணி நேராக டக்ளஸிடம்தான் வந்தாள், தலைவரின் பேப்பரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு.

பாதி வழியில் நின்றாள். வெறும் பேப்பர் இவ்வளவு கனக்காதே.

பிரித்தாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், நூல் கட்டிய இடம், அதற்கப்பாலும் பக்கங்கள். எல்லாம் பொடிப் பொடி எழுத்து. எல்லாவற்றின் மேலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி.

வாணி கிட்டே வந்து குனிந்தாள்.

“இன்னா தலைவரே, அடிஷனல் ஷீட்டு வேற வாங்கியிருக்கீங்க?”

கை தட்டல் இன்னும் ஓயவில்லை. டக்ளஸ் கூப்பிய கையை இறக்கவில்லை. இப்போது அது வாணிக்கு மட்டும்.