'நோயாளி ம.'வின் மகள்

மூளையில் அடிபட்டால் பாசம் அற்றுப்போகும் என்பதற்கு உதாரணமாக, பாடப்புத்தகத்தில் வரும் 'நோயாளி ம.'வின் கதையைத்தான் உளவியல் பேராசிரியை தமயந்தி இருபது வருடங்களாக வகுப்பில் சொல்லிவந்தாள். போன மாதம் அவளுடைய கணவர் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து, அந்தப் பாடத்தை நடத்த வாய் வரவில்லை. விசாரித்து விசாரித்து, அந்த நோயாளியின் மகள் ஸ்டெல்லாவின் வீட்டுக்கே போய்விட்டாள்.

"புஸ்தகத்துல அப்படியா போட்டிருக்கு?" என்று ஸ்டெல்லா சிரித்தாள். "அத எழுதுன டாக்டர், அப்பாவுக்கு அடிபட்ட மூணாம் மாசம் வந்து பாத்ததோட சரி. ரெண்டு வருஷம் அப்பா சிடுசிடுன்னுதான் இருந்தாரு. பெறகு என் கல்யாணத்துல அவர் அழுத அழுகைய யாராலயும் நிறுத்த முடியல டீச்சர்."

வீட்டுக்கு வந்ததும் தமயந்தி கணவருக்கு நகம் வெட்ட உட்கார்ந்தாள். அவர் முறைத்து, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சரிங்க," என்றாள் சிரித்தபடி, "மெதுவா வெட்டிக்கலாம்."