மொட்டையோடு ஒரு நேர்காணல்

"வேலை கெடைச்சப்புறம்தானேப்பா முடி எறக்குவாங்க? நீ முன்னாடியே எறக்கிக்கினு வந்துட்டியே!"

பொருளாதாரத் துறைத் தலைவர் குணசேகரன் கேட்டதும் கல்லூரி முதல்வர் பிரேமா சிரித்துவிட்டார். திருத்தணியில் மொட்டைத் தலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் விரிவுரையாளர் நேர்காணலுக்கு ஒருவன் அப்படி வந்து உட்கார்வது இதுதான் முதல் முறை.

வளவன் தலையைத் தடவிக்கொண்டான்.

"சந்தனம்கூடப் பூசலையே?"

"கேள்வியைக் கேளுங்க சார்" என்றான் வளவன்.

குணசேகரனுக்குச் சுருக்கென்றது. சாமியை நம்பி வந்தவன் பாடத்தை எங்கே படித்திருக்கப் போகிறான்?

"சரி. இவ்ளோ பேர் ஏன் வேலை இல்லாம கெடக்கறாங்க? யார் யார் என்ன சொன்னாங்கன்னு வரிசையா சொல்லு."

"கூலியைக் கொறைச்சிக்கினா எல்லாருக்கும் வேலை உண்டு, சும்மா இருக்கறவன் அவனா இஷ்டப்பட்டு இருக்கான்னாங்க பழைய ஆளுங்க. 1930 மந்தத்துல அது ஒடைஞ்சிச்சு. சரக்கை வாங்க ஆள் இல்லன்னா கூலியைக் கொறைச்சி என்ன பண்றது, அரசாங்கம் செலவு பண்ணட்டும்னார் கீன்ஸ். எழுபதுகள்ல விலையும் ஏறிச்சு, வேலையும் போச்சு. விலை ஏறும்னு ஜனங்க முன்கூட்டியே கணக்குப் போட்டுட்டா, எவ்ளோ பணத்தைக் கொட்டினாலும் உற்பத்தி கூடாதுன்னாங்க அப்புறம் வந்தவங்க."

"நீ எந்தக் கட்சி?"

"ஆர்.கே.பேட்டையில எங்க நைனா தறி ஓட்டினவருங்க. புடவை விக்கலைன்னு மொதலாளி சொல்லச் சொல்ல, கூலியைக் கொறைச்சிக்கினே வந்தார். கடைசியில பாதிக் கூலிக்கும் தறி ஓடலை. மொதல் கட்சியில மட்டும் என்னால சேர முடியாது சார்."

குணசேகரன் பேனாவை மூடினார். நேர்காணலுக்கு வந்த மற்றவர்கள் எல்லோரும் பாடத்தை ஒப்பித்துவிட்டுப் போயிருந்தார்கள். பிரேமாவைப் பார்த்தார். அவரும் தலையசைத்தார்.

"திங்கக்கெழம வந்து சேர்ந்துடு. வா, என் வண்டியிலயே மலைக்குப் போலாம். முருகன் முடியை வாங்கிக்கினு வேலையைக் குடுத்துட்டான், ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடலாம்."

வளவன் எழுந்தான். நகரவில்லை.

"ஒரு வருஷத்துக்கு நான் மலை ஏறக் கூடாதுங்க சார். நைனாவுக்கு நேத்துதான் காரியம் முடிஞ்சிது."

"ஐயையோ... வந்ததுமே சொல்லியிருக்கலாமேப்பா!"

"பரிதாபப்பட்டே வேலையைக் குடுத்துடுவீங்கன்னுதான் சொல்லலைங்க."