அறைக்கு ஒரு விளக்கு

"பிளக் பாயிண்ட் ஒண்ணு விடாம எதுக்கு இந்தக் குட்டி விளக்கு?" என்றான் கணவன்.

தையல்காரியான அவன் மனைவி, மடித்துக்கொண்டிருந்த போர்வையைக் கட்டிலில் போட்டாள். "இருட்டுல ஆள் அசைஞ்சா தானா எரியும். உங்களுக்காகத்தான் வாங்கினேன்."

"வெட்டிச் செலவு!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் சம்பாதிச்சு வாங்கின தையல் மெஷினை உங்க தங்கச்சிக்குத் தூக்கிக் குடுத்தீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"கேட்டா பதிலே கிடையாது. நான் பேசிட்டு இருக்கும்போதே லைட்டை அணைச்சிட்டுப் படுத்துக்கறீங்க. நான் மனுஷியா, மரக்கட்டையா?"

கொட்டாவி விட்டபடி, வழக்கம்போல அவன் தலைமாட்டுச் சுவிட்சைத் தட்டினான். அறை இருண்டது.

அதோடு சண்டை முடிந்துவிடும் என்பது அவன் கணக்கு. இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அவர்கள் பேசுவதும் ஏசுவதும் கைகளால்தான். இருட்டில் அவள் எவ்வளவு திட்டினாலும் அவனுக்குத் தெரியாது.

அவள் கையை ஓங்கினாள். கட்டிலருகே விளக்கு எரிந்தது.

"மெஷின் எங்கே?" என்றன விரல்கள்.

அவன் கூடத்துக்கு ஓடினான். அங்கேயும் எரிந்தது; எதிரே அதே விரல்கள். சமையலறைக்குப் போனான். அங்கேயும் விடவில்லை. கண்ணை இறுக மூடினான். தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கடைசியில் அவன் கைகள் மெல்ல எழுந்தன. "நாளைக்கே கொண்டு வந்துடறேன்."

"சரியாத் தெரியலை," என்றாள். "வெளிச்சத்துக்கு வந்து இன்னொரு தடவை சொல்லுங்க!"