எதிர்வீட்டு அழுகை

குழந்தை வீறிட்டு அழுதது. அவர் தூக்கப் போகவில்லை. தலையைச் சாய்த்துக் கடைசி விம்மல் வரைக்கும் கேட்டுவிட்டு, "பத்தாது" என்று முணுமுணுத்தார். மறுபடியும் அழவைத்தார்.

அப்போதுதான் அழைப்புமணி அடித்தது.

குடிவந்த ஏழு மாதத்தில் கூரியர்காரரைத் தவிர அந்த மணியை அடித்தவர் யாருமில்லை. கதவைத் திறந்தால், எதிர்வீட்டுப் பெண்மணி நின்றிருந்தார். அவருக்கும் அறுபது வயதுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

"என்ன சார், புள்ள இப்படி அழுவுது? மூச்சுகூட வாங்காம ஒரே இழுப்பா!"

"புள்ளையா... அது... பேத்தி. மக வேலைக்குப் போயிருக்கா."

கல்யாணமே ஆகாதவருக்கு ஒரே வாக்கியத்தில் மகளும் பேத்தியும் பிறந்துவிட்டார்கள். மெஷின் என்று சொல்லியிருந்தால், "ஓ, அப்படியா" என்று அந்தம்மா திரும்பியிருப்பார். அதற்கப்புறம் அந்த மணியை யார் அடிக்கப்போகிறார்கள்?

"தப்பா எடுத்துக்காதீங்க. இருபத்தாறு வருஷம் பிரசவ வார்டுல நர்சா இருந்தவ. அழுகை காதுல விழுந்தா கால் தானா வந்துடுது" என்றார் அவர்.

"பரவாயில்ல சிஸ்டர். நான் பாத்துக்கறேன்."

கதவைச் சாத்திவிட்டு மேஜைக்கு வந்தார். மேஜையில் தொட்டிலும் இல்லை, தலையணையும் இல்லை. விதவிதமான சத்தங்களை உண்டாக்கும் ஒரு சிந்தசைசர்தான் இருந்தது. நர்சிங் கல்லூரி ஒன்றில் மாணவிகள் பழகுவதற்கு ஒரு பொம்மைக் குழந்தை வைத்திருந்தார்கள். அதற்குத்தான் அழுகை செய்துகொண்டிருந்தார். நிஜ அழுகையைப் பதிவு செய்து போட்டால் எப்போதும் ஒரே மாதிரிதான் அழும். இது அப்படி இருக்கக் கூடாது. ஊசி குத்தினால் ஏற வேண்டும், தட்டிக்கொடுத்தால் இறங்க வேண்டும்.

அதற்கு வேவ்டேபிள்தான் சரி. ஒலியலைகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுக் குமிழைத் திருகினால், சத்தம் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டே போகும். ஒரு கோடியில் தூக்கம், நடுவில் பசி, மறுகோடியில் வலி என்று அடுக்கியிருந்தார். ஒலியலையை எழுப்பும் இரண்டு ஆசிலேட்டர்களில் ஒன்று தொண்டை, இன்னொன்று மூக்கு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அனுப்பிய முதல் மாதிரியைக் கேட்டுவிட்டுக் கல்லூரிக்காரர்கள், "பூனை கத்துற மாதிரி இருக்கு சார்" என்று திருப்பிவிட்டார்கள்.

மூச்சு வாங்கவில்லை என்றாரே அந்தம்மா! அவசர அவசரமாக இரண்டு வீறலுக்கு நடுவில் சின்னதாக ஒரு மூச்சைச் செருகினார். பூனை பாதி மனுஷப்பிள்ளை ஆனது.

மறுநாள் பதினோரு மணிக்கு மறுபடியும் மணி அடித்தது.

"இன்னிக்கு என்ன சார், சளியா? மூக்கடைச்சாப்பல அழுவுறாளே."

மூக்கு ஆசிலேட்டரைக் குறைத்தார். அடுத்த நாள், "பசின்னா முதல்ல சிணுங்கணும் சார். எடுத்த எடுப்பிலேயே கத்துனா அது வயித்துவலி" என்றார் நர்சம்மா. பசிக்கு முன்னால் ஒரு சிணுங்கல் அலையைச் சேர்த்தார்.

தினமும் வாசல்படியில் நின்றபடியே ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் பேச்சு நடந்தது. ஒருநாள் தண்ணீர் லாரி வராதது பற்றி, ஒருநாள் முட்டிவலி பற்றி. அந்தம்மா ஒரு தடவைகூட "எங்க, புள்ளையக் காட்டுங்க" என்று கேட்கவில்லை. நல்லவேளை, தப்பித்தோம் என்று இவர் நினைத்துக்கொண்டார். பதினோரு மணிக்கு முன்னால் சட்டை மாற்றிக்கொள்ளும் பழக்கம் எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்றாவது வாரம் கல்லூரியிலிருந்து போன் வந்தது. "பிரமாதம் சார்! கேட்டதும் ஒரு பொண்ணு ஓடிப்போய் பொம்மையத் தூக்கி மடியில வச்சிக்கிட்டா!"

வேலை முடிந்தது. மெஷினை அணைத்தார். பதினோரு மணி ஆனது, மணி அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. நாலாவது நாள், மாற்றிய சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை இல்லாத வீடு என்பது இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் காதில் உறைத்தது.

ஐந்தாம் நாள் மெஷினைப் போட்டுக் கட்டையில் விரலை வைத்தார். ஒரு அழுத்து அழுத்தினால் போதும், அந்தம்மா வந்துவிடுவார். பாவம், முட்டிவலியோடு ஓடிவருகிறவரை இன்னும் எத்தனை நாள் ஏமாற்றுவது? விரலை எடுத்தார். எழுந்துபோய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

கதவு உடனே திறந்தது.

"சிஸ்டர், நான் ஒரு பொய் சொல்லிட்டேன். எனக்குப் பேத்தியும் இல்ல, மகளும் இல்ல. அழுததெல்லாம் மெஷின். நான் செஞ்ச சத்தம். உங்கள வீணா அலைய விட்டுட்டேன், மன்னிச்சிடுங்க."

திட்டுவார், இல்லை முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துவார் என்று தலைகுனிந்து நின்றார். இரண்டும் நடக்கவில்லை.

"தெரியுமே" என்றார் அந்தம்மா.

"எப்போலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து. எந்தப் புள்ள சார் மூச்சு வாங்காம அழும்?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரிஞ்சுமா தினமும் வந்து, புள்ள அழுவுது, புள்ள அழுவுதுன்னு சொன்னீங்க?"

அந்தம்மா கதவை நன்றாகத் திறந்துவிட்டு, ஒதுங்கி வழிவிட்டார்.

"வேற என்ன சொல்லி சார் உங்க கதவத் தட்டுறது?"